மாநில அரசு மீதான சிவில் உரிமை வழக்கு தள்ளுபடியான பிறகு: அமெரிக்க மேல்முறையீடு எப்படி நடக்கிறது

அமெரிக்காவில் மாநில அரசுகள் மீது போடப்படும் சிவில் உரிமை வழக்குகளில் ஏராளமானவை சாட்சி விசாரணை வரை போவதே இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பதிலுரை தாக்கல் செய்வதற்கு முன்பே தள்ளுபடி மனு போடும். நீதிபதி அதை ஏற்பார். வழக்கு முடிந்துவிடும். அந்த உத்தரவைக் கையில் வாங்குகிறவர், தனக்கு நடந்தது அநியாயமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக நினைத்து உடைந்துபோகிறார். பெரும்பாலும் நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்காது. யார் மேல் வழக்கு, என்ன நிவாரணம், எந்தச் சட்டம் என்ற மூன்றில் ஏதோ ஒன்றில் வழக்கு இடறியிருக்கும். மேல்முறையீடும் இடறிய அந்த இடத்தைப் பற்றித்தான் நடக்கும். நடந்த கொடுமையை இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொல்வதால் மேல்முறையீடு வெல்வதில்லை. தள்ளுபடி உத்தரவு எந்தக் காரணத்தின்மேல் நிற்கிறதோ அந்தக் காரணம் சட்டப்படி தவறு என்று காட்டுவதால்தான் வெல்கிறது.

முதலில் முப்பது நாள்

உத்தரவு வந்ததும் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஃபெடரல், அதாவது மத்திய, மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். உத்தரவு தபாலில் வந்து சேர்ந்த நாள் கணக்கில் வராது. 60 நாள் அவகாசம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். ஐக்கிய அமெரிக்க மத்திய அரசோ, அதன் துறையோ, அதிகாரியோ வழக்கில் ஒரு தரப்பாக இருந்தால்தான் 60 நாள். மாநில அரசும் அரசுதானே என்று 60 நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களின் வழக்கு அங்கேயே முடிந்துபோகும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை நேரம் கிடைக்கும்.

இந்தக் கெடுவை நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பார்க்கின்றன என்பதற்கு 2007இல் வந்த பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல் தீர்ப்பே சான்று. மேல்முறையீட்டுக் காலத்தை மறுபடி திறந்தால் விதிப்படி 14 நாள்தான் தர முடியும். மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்துவிட்டார். நீதிபதி சொன்ன தேதிக்குள், ஆனால் 14 நாள் கடந்தபின், அறிவிப்பு தாக்கலானது. நீதிபதியின் பேச்சை நம்பியவருக்கு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கதவைச் சாத்தியது. நாடாளுமன்றம் வகுத்த கால வரம்பை நீதிபதியாலும் நீட்ட முடியாது என்பது அதன் முடிவு. நான்கு நீதிபதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததென்றே நாம் நினைக்கிறோம். ஆனால் இன்றுவரை நடைமுறையில் இருப்பது பெரும்பான்மைத் தீர்ப்புதான். ஆகவே உத்தரவில் நீதிபதி எழுதிய தேதியையும் விதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தவறவிட்டவர்களுக்கு இரண்டு சிறு ஜன்னல்கள் உண்டு. 30 நாள் முடிந்த பிறகு அடுத்த 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்திலேயே கால நீட்டிப்பு மனு போடலாம். மன்னிக்கத்தக்க கவனக்குறைவையோ தகுந்த காரணத்தையோ அதில் காட்ட வேண்டும். தீர்ப்பு வந்த தகவலே உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் காலத்தை மறுபடி திறக்கக் கேட்கலாம். தீர்ப்பு பதிவாகி 180 நாள், முறையான தகவல் கிடைத்து 14 நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் கேட்டாக வேண்டும். சிறையில் இருப்பவர் அறிவிப்பைச் சிறையின் தபால் முறையில் கெடுவுக்குள் ஒப்படைத்துவிட்டாலே தாக்கல் செய்ததாகும். 1988இல் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில் வந்த விதி இது. ஒப்படைத்த தேதியையும் தபால் கட்டணம் செலுத்தியதையும் உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்திட்டு இணைத்துவிடுவது நல்லது.

தீர்ப்பைத் திருத்தச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்திலேயே மனுப் போட 28 நாள் உண்டு. அந்த 28 நாளை எந்த நீதிபதியும் நீட்ட முடியாது. அதற்குள் போட்டால், மேல்முறையீட்டுக்கான 30 நாள் அந்த மனுவின் முடிவுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். 29ஆம் நாள் போட்டால் மனு ஒருவேளை பரிசீலிக்கப்படலாம், ஆனால் மேல்முறையீட்டுக் கடிகாரம் நிற்காது. பலர் விழும் குழி இது. மறுபரிசீலனை மனு நிலுவையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் 30ஆம் நாளைக் கோட்டைவிடுகிறார்கள்.

முடிந்ததா, முடியவில்லையா?

இறுதித் தீர்ப்பின் மேல்தான் மேல்முறையீடு செல்லும். ‘வழக்கு மனுவைத் திருத்தித் தாக்கல் செய்யலாம்’ என்று அனுமதி கொடுத்துத் தள்ளுபடி செய்திருந்தால் அது பொதுவாக இறுதித் தீர்ப்பு ஆகாது. ஐந்து பிரதிவாதிகளில் மாநிலத்தை மட்டும் விடுவித்துவிட்டு மற்ற நால்வர் மேல் வழக்கு தொடர்ந்தாலும் அப்படித்தான். மாவட்ட நீதிபதி சிவில் விதி 54இன் கீழ் அந்தப் பகுதியை இறுதியானது என்று அறிவித்தால் ஒழியக் காத்திருக்க வேண்டும். தடையாணை கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் விதிவிலக்காக உடனே மேலே போகலாம்.

திருத்த அனுமதி கிடைத்திருந்தால், திருத்துவதா, அப்படியே மேலே போவதா என்ற கேள்வி வரும். திருத்தக்கூடிய குறையாக இருந்தால் திருத்துங்கள் என்பதே எங்கள் கருத்து. விவரம் போதவில்லை என்றோ, தவறான அதிகாரியின் பெயர் இருக்கிறது என்றோ நீதிமன்றம் சொன்னால் அதைச் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். மேல்முறையீட்டுக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். நீதிமன்றம் சுட்டிய குறை சட்டக் கேள்வியாக இருந்து, எவ்வளவு விவரம் சேர்த்தாலும் தீராது என்றால், இதே மனுவின் மேல் நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்து இறுதித் தீர்ப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போகலாம்.

ஒரு பக்க ஆவணம்

மேல்முறையீட்டு அறிவிப்பு ஒரே பக்கத்தில் முடியக்கூடியது. மேல்முறையீடு செய்பவர் யார், எந்தத் தீர்ப்பு, எந்த நீதிமன்றத்துக்கு என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். காரணங்களை அதில் எழுத வேண்டியதில்லை. மேல்முறையீட்டு விதிகளின் பின்னிணைப்பில் மாதிரிப் படிவம் இருக்கிறது. தாக்கல் செய்ய வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் தேதி குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி சொல்கிறது. இருந்தாலும் அந்தச் சுற்று எதற்கு?

பெயர்களில் கவனம் தேவை. 1988இல் டோரஸ் எதிர் ஓக்லண்ட் ஸ்காவெஞ்சர் வழக்கில் 16 வாதிகளில் ஒருவரின் பெயர் எழுத்தர் பிழையால் விடுபட்டது. ‘மற்றும் பலர்’ என்ற சொல் அவரைக் காப்பாற்றவில்லை. மற்ற 15 பேர் மேல்முறையீட்டில் வென்றார்கள், அவர் வெளியே நின்றார். அதன்பின் 1993இல் விதி தளர்த்தப்பட்டது. வழக்கறிஞர் ‘எல்லா வாதிகளும்’ என்று எழுதினால் இப்போது போதும். வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வழக்காடுகிறவர்களுக்கு இந்தத் தளர்வு முழுதாகப் பொருந்தாது. ஒருவர் கையெழுத்திட்டால் அவருக்கும், வழக்கில் தரப்பாக இருக்கும் அவர் கணவன் அல்லது மனைவிக்கும், சிறு வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது செல்லும். உடன் வழக்குப் போட்ட நண்பர் தனியாகக் கையெழுத்திட வேண்டும்.

கட்டணம் 605 டாலர். செலுத்த வசதியில்லாதவர் வருமான விவரப் பிரமாணப் பத்திரத்துடன் விலக்குக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் ஏற்கெனவே விலக்குப் பெற்றவருக்கு, மேல்முறையீடு நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை என்று நீதிபதி சான்றளிக்காதவரை அந்த விலக்கு தொடரும். கைதிகளுக்கு இந்த வசதி அரைகுறைதான். 1996ஆம் ஆண்டுச் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அவர்கள் முழுக் கட்டணத்தையும் தவணையில் கட்டியாக வேண்டும். முந்தைய ஆறு மாதங்களின் சராசரி வரவு அல்லது சராசரி இருப்பு, இவற்றில் எது அதிகமோ அதில் 20 விழுக்காடு முதல் தவணை. பிறகு மாதந்தோறும் முந்தைய மாத வரவில் 20 விழுக்காடு பிடிக்கப்படும். இரண்டு வழக்கு இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். இதைவிடக் கொடியது ‘மூன்று’ கணக்கு. அற்பமானது, கெட்ட நோக்கமுடையது, அல்லது சட்டப்படி வழக்குக்கு அடிப்படையே இல்லாதது என்று மூன்று வழக்குகளோ மேல்முறையீடுகளோ தள்ளுபடியாகியிருந்தால், உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தாலொழிய கட்டண வசதி கிடையாது. மறுபடி தாக்கல் செய்யலாம் என்று விட்டுவைத்த தள்ளுபடியும் இந்தக் கணக்கில் சேரும் என்று 2020இல் லோமாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உத்தரவு எந்தக் காரணத்தின்மேல் நிற்கிறது?

அறிவிப்பைத் தாக்கல் செய்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டியது தள்ளுபடி உத்தரவு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒவ்வொரு பிரதிவாதிக்கும் எதிரே, எந்தக் காரணத்தால் அது தள்ளப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி.

சிவில் உரிமை வழக்குகளின் முதுகெலும்பு, ஐக்கிய அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 42ஆம் தலைப்பில் உள்ள 1983ஆம் பிரிவு. 1983 என்பது பிரிவு எண். சட்டம் பிறந்தது 1871இல், உள்நாட்டுப் போருக்குப்பின் தெற்கு மாநிலங்களில் கு க்ளக்ஸ் க்ளான் கறுப்பின மக்கள் மீது நடத்திய வன்முறைக்கு எதிராக. மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையைப் பறிக்கும் எந்த ‘நபர்’ மீதும் வழக்குப் போடலாம் என்கிறது அது. மாநிலம் அந்த நபருக்குள் அடங்குமா? 1989இல் வில் எதிர் மிச்சிகன் மாநிலக் காவல்துறை வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. தன் சகோதரர் மாணவப் போராளியாக இருந்ததற்காகக் காவல்துறை வைத்திருந்த கோப்பின் காரணமாகத் தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்பது வில்லின் புகார். மாநிலமும், பதவி முறையில், அதாவது வகிக்கும் பதவியின் பேரில், வழக்கில் சேர்க்கப்படும் அதன் அதிகாரிகளும் ‘நபர்’ ஆக மாட்டார்கள் என்று 5-4 என்று தீர்ப்பானது. வழக்கு மிச்சிகன் மாநில நீதிமன்றத்தில் தொடங்கியது. ஆகவே மாநில நீதிமன்றத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்ற வழியும் அடைபட்டது.

இதோடு 11ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்கிறது. 1793இல் ஜார்ஜியாவை வேறு மாநிலத்தவர் ஒருவர் வழக்கில் இழுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் மாநிலங்கள் கொதித்தெழுந்து 1795இல் கொண்டுவந்த திருத்தம் அது. 1890இல் ஹான்ஸ் எதிர் லூசியானா தீர்ப்பு, சொந்த மாநிலத்தவரும் தம் மாநிலத்தை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று அந்தக் காப்பை விரித்தது. மாவட்ட நிர்வாகங்களுக்கும் நகராட்சிகளுக்கும் இந்தக் காப்பு கிடையாது. 1978இன் மொனெல் தீர்ப்புப்படி நகராட்சி ‘நபர்’தான். ஆக, பிரதிவாதி உண்மையில் மாநிலத்தின் அங்கமா, உள்ளாட்சி அமைப்பா என்பதே சில மேல்முறையீடுகளில் முழு வழக்கும் ஆகிவிடும். மாநிலம் பணம் தருகிறதா, தீர்ப்புத் தொகை யார் கருவூலத்திலிருந்து போகும், யார் நியமிக்கிறார்கள் என்ற விவரங்கள் அங்கே எடைபோடப்படும்.

மதிலில் வாசல்கள் இருக்கின்றன. 1908இன் எக்ஸ் பார்ட்டி யங் தீர்ப்பின்படி, தொடர்ந்து நடக்கும் உரிமை மீறலை இனிமேல் நிறுத்தச் சொல்லி, அதைச் செயல்படுத்தும் அதிகாரி மேல் பதவி முறையில் ஆணை கேட்கலாம். பழைய பாக்கியைக் கேட்க முடியாது என்று 1974இல் எடல்மன் எதிர் ஜோர்டன் எல்லை போட்டது. மீறல் இன்னும் தொடர்கிறது என்பதை மனுவில் சொல்லாமல் விட்டதாலும், அந்தச் சட்டத்தை அமல்படுத்தாத ஆளுநரின் பெயரை மட்டும் போட்டதாலும் இந்த வாசலில் திரும்பி வந்த வழக்குகள் பல. அதிகாரியைத் தனிப்பட்ட முறையில், அவர் சொந்தப் பொறுப்பில், இழப்பீட்டுக்காக வழக்கில் இழுக்கலாம். அலுவலகப் பணியாகச் செய்தது என்பது அதற்குத் தடையில்லை என்று 1991இல் ஹேஃபர் எதிர் மெலோ உறுதிசெய்தது. மாநிலத்தின் காப்பை நாடாளுமன்றமே நீக்கிய சட்டங்களும் உள்ளன. சிவில் உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுக்கு எதிரான 7ஆம் தலைப்பு பற்றி 1976இல் ஃபிட்ஸ்பாட்ரிக் எதிர் பிட்ஸர் அப்படித் தீர்ப்பளித்தது. ஃபெடரல் நிதி வாங்கும் மாநிலத் துறைகள் இனம், பாலினம், உடல் ஊனம் சார்ந்த பாகுபாட்டுச் சட்டங்களில் நிதியோடு சேர்த்து வழக்குக்கும் சம்மதித்தவையாகின்றன.

குட்மனின் வழக்கு

இவை எல்லாம் ஒரே வழக்கில் கூடி வந்ததைப் பார்த்தால் மேல்முறையீட்டின் உயிர்நாடி பிடிபடும். டோனி குட்மன் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர், ஜார்ஜியா மாநிலச் சிறையில் இருந்தவர். 12 அடிக்கு 3 அடி அறையில் நாளுக்கு 23 முதல் 24 மணி நேரம் அடைக்கப்பட்டதாகவும், அந்த அறையில் சக்கர நாற்காலியைத் திருப்பவே முடியவில்லை என்றும் அவர் எழுதினார். கழிப்பறைக்குப் போக உதவி மறுக்கப்பட்டு, தன் கழிவிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்ததாகவும் எழுதினார். வழக்கறிஞர் இல்லாமல் 1999இல் அவரே தொடுத்த வழக்கு இது. ஜார்ஜியா மாநிலம், சிறைத்துறை, தனி அதிகாரிகள் எல்லாரும் பிரதிவாதிகள். 1983ஆம் பிரிவு ஒரு பக்கம், ஊனமுற்றோர் சட்டத்தின் இரண்டாம் தலைப்பு இன்னொரு பக்கம்.

மாவட்ட நீதிமன்றம் 1983ஆம் பிரிவுக் கோரிக்கைகளை விவரம் போதாது என்று, திருத்த வாய்ப்பே கொடுக்காமல் தள்ளியது. ஊனமுற்றோர் சட்டத்தின்கீழ் மாநிலத்திடம் கேட்ட இழப்பீட்டை, மாநிலத்தை வழக்கில் இழுக்க முடியாது என்னும் இறையாண்மைக் காப்பைச் சொல்லிப் பின்னர் மறுத்தது. 11ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் பகுதியை மாற்றியது. சில கோரிக்கைகளுக்குத் தேவையான விவரம் மனுவிலேயே இருக்கிறது, திருத்த அனுமதி தந்திருக்க வேண்டும் என்றது. இரண்டாம் பகுதியில் மாநிலத்தின் பக்கம் நின்றது.

ஃபெடரல் சட்டம் ஒன்றின் அரசியல் சட்டச் செல்லுபடி கேள்விக்குள்ளானதால் மத்திய அரசு மேல்முறையீட்டுக் கட்டத்திலேயே தலையிட்டது. வழக்குக்கு ‘ஐக்கிய அமெரிக்கா எதிர் ஜார்ஜியா’ என்று பெயர் வந்தது அதனால்தான். உச்ச நீதிமன்றம் 2006 ஜனவரி 10 அன்று ஒருமனதாகக் குட்மன் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. ஊனமுற்றோர் சட்டத்தை மீறிய செயல், மாநிலங்களிடமிருந்து தனிமனித உரிமைகளைக் காக்கும் 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தையே மீறுவதாகவும் இருந்தால், அந்த அளவுக்கு மாநிலத்தின் காப்பை நாடாளுமன்றம் செல்லுபடியாக நீக்கியிருக்கிறது என்பது அதன் சாரம். எந்தச் செயல் எதை மீறியது என்று கோரிக்கை கோரிக்கையாகப் பிரித்துப் பார்க்கும்படி கீழே அனுப்பியது.

அறையின் அளவை அடிக்கணக்கில் எழுதியதுதான் நம் கண்ணில் முதலில் படுவது. 2007இன் டுவாம்பிளி, 2009இன் இக்பால் தீர்ப்புகளுக்குப் பிறகு அத்தகைய விவரம் இன்னும் கட்டாயமாகிவிட்டது. வழக்கு மனுவில் உள்ள நிகழ்ச்சிகளை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும், முடிவுரைகளை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, எஞ்சியது நம்பத்தக்க கோரிக்கையாக நிற்க வேண்டும் என்பது அவற்றின் விதி. ‘அதிகாரிகள் வேண்டுமென்றே மருத்துவத்தை மறுத்தனர்’ என்பது முடிவுரை. ‘மார்ச் 3 இரவு பணியில் இருந்த அலுவலரிடம் நெஞ்சுவலி என்று மூன்று முறை சொன்னேன், காலை வரை யாரும் வரவில்லை, மறுநாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன்’ என்பது நிகழ்ச்சி. மேலதிகாரி என்பதற்காக மட்டும் ஒருவர் பொறுப்பாக மாட்டார், அவர் சொந்தமாக என்ன செய்தார் என்று காட்ட வேண்டும் என்பதும் இக்பால் தீர்ப்பில் உண்டு. எழுத்தில் இதற்கு எதிர்க்கனமாக நிற்பது எரிக்சன் எதிர் பார்டஸ். டுவாம்பிளி வந்த இரண்டே வாரத்தில், ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை நிறுத்தப்பட்ட கொலராடோ கைதியின் மனுவைத் தள்ளியது தவறு என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் இல்லாதவரின் மனுவைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று அது நினைவூட்டியது. விவரம் போதாது என்ற காரணத்தில் தள்ளுபடியான எவரும் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு இது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகுதிக்குட்பட்ட காப்பு என்பது தனிப்பட்ட முறையில் இழப்பீடு கேட்கப்படும் அதிகாரிக்கு மட்டும் உரியது. மீறப்பட்ட உரிமை அந்த நேரத்தில் தெளிவாக நிறுவப்பட்டிருந்ததா என்பது கேள்வி. அச்சு அசலாக அதே நிகழ்ச்சி கொண்ட முன்தீர்ப்பு தேவையில்லை என்று 2002இல் ஹோப் எதிர் பெல்சர் சொல்கிறது. ஆணை கேட்கும் கோரிக்கைக்கு இந்தக் காப்பு பொருந்தவே பொருந்தாது. கால வரம்பு, அந்தந்த மாநிலத்தின் உடற்காய வழக்குச் சட்டத்திலிருந்து கடன் வாங்கப்படுகிறது. டென்னசி, கென்டக்கியில் ஓராண்டு, கலிஃபோர்னியா, டெக்சாஸில் ஈராண்டு, நியூயார்க்கில் மூன்றாண்டு. குற்றத் தீர்ப்பு ரத்தாகாதவரை அதைப் பொய்யாக்கும் இழப்பீட்டு வழக்கு நிற்காது என்பது 1994இன் ஹெக் எதிர் ஹம்ஃப்ரி.

மாநிலச் சட்டக் கோரிக்கைகளையும் ஃபெடரல் வழக்கில் சேர்த்திருந்தால் ஓர் எச்சரிக்கை. பொதுவாக, ஃபெடரல் நீதிமன்றம் கைவிடும் மாநிலச் சட்டக் கோரிக்கைகளுக்கு, வழக்கு நடந்த காலமும் பிறகு 30 நாளும் கால வரம்பு நிறுத்தப்படும். 11ஆவது திருத்தக் காப்பைச் சொல்லித் தள்ளப்பட்ட மாநிலத்துக்கு எதிரான கோரிக்கைக்கு இந்தச் சலுகை இல்லை என்று 2002இல் ரேகர் வழக்கில் தீர்ப்பானது. மேல்முறையீட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பக்கம் மாநில நீதிமன்றக் கதவு சத்தமில்லாமல் மூடிவிடும். இரண்டு இடத்துக் காலத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

எழுத்து வாதம்

வழக்கு மனு நிலையிலேயே தள்ளப்பட்ட தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் புதிதாகப் பார்க்கும். கீழ்நீதிபதியின் கருத்துக்குத் தனி மரியாதை கிடையாது. மேல்முறையீட்டாளருக்குச் சாதகமான மிகப் பெரிய விஷயம் இது. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். திருத்த அனுமதி மறுத்தது சரியா என்பது மட்டும் பெரும்பாலும் நீதிபதியின் விருப்புரிமை மீறப்பட்டதா என்ற கடினமான அளவுகோலில் பார்க்கப்படும். கீழே அனுமதியே கேட்காதவருக்கு அது இன்னும் கடினம். கேட்டதோடு திருத்திய மனுவின் நகலையும் இணைத்திருந்தால், மேலே போகும்போது அந்த ஒரு காகிதம் பெரும் பலம்.

புதிய ஆதாரம் எடுபடாது. பார்க்கப்படுவது வழக்கு மனு, அதன் இணைப்புகள், கீழ்நீதிமன்றப் பதிவு, இவ்வளவுதான். பிறகு கிடைத்த மருத்துவ அறிக்கையை எழுத்து வாதத்தோடு சேர்த்து அனுப்பினால் நீக்கிவிடுவார்கள். கீழே எழுப்பாத வாதத்தையும் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். மாநிலம் மட்டும் தன் காப்பை முதன்முறையாக மேலே எழுப்பலாம். எடல்மன் தீர்ப்பே அதை அனுமதித்தது. இது சமமற்ற விதி, ஆனாலும் இருப்பது இதுதான். ஒரே விடுதலை: மாநிலமே வழக்கைத் தன் நீதிமன்றத்திலிருந்து ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால், 2002இன் லபீடஸ் தீர்ப்பைக் காட்டி, காப்பை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்று வாதிடலாம்.

தோற்கும் எழுத்து வாதங்களில் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று. மாவட்ட நீதிமன்றம் ஒரே கோரிக்கையை இரண்டு தனிக் காரணங்களுக்காகத் தள்ளியிருக்கும், காலம் கடந்தது என்றும், விவரம் போதாது என்றும். மேல்முறையீட்டாளர் விவரத்தைப் பற்றி முப்பது பக்கம் எழுதிவிட்டுக் காலத்தைத் தொடாமல் விட்டிருப்பார். தொடாத காரணம் ஒன்றே தீர்ப்பைத் தாங்கிப்பிடிக்கப் போதும். முதல் வாதத்தில் விட்டதைப் பதில் வாதத்தில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

அளவும் வடிவமும்: முதன்மை எழுத்து வாதம் 13,000 சொற்களுக்குள் அல்லது 30 பக்கங்களுக்குள், பதில் வாதம் அதில் பாதி. எழுத்து 14 பாயிண்ட். நீதிமன்ற அதிகார வரம்பு, எழும் கேள்விகள், பதிவின் பக்க எண்ணோடு வழக்கின் விவரம், வாதச் சுருக்கம், வாதம், முடிவில் கேட்கும் நிவாரணம் என்ற வரிசை. பதிவு தாக்கலாகி 40 நாளுக்குள் மேல்முறையீட்டாளர், அதன்பின் 30 நாளில் மாநிலம், பிறகு 21 நாளில் பதில் என்பது பொது விதி. பல வட்டங்கள் தங்கள் சொந்த அட்டவணையை அனுப்பும், அதுவே செல்லும். கீழ்நீதிமன்றத்தில் வாய்மொழி விசாரணை நடக்காத வழக்குக்கு விசாரணையின் எழுத்துப்படி தேவையில்லை என்றாலும், தேவையில்லை என்று 14 நாளுக்குள் சான்று தாக்கல் செய்ய வேண்டும். இந்தச் சின்னக் காகிதம் வராததற்காகவே நோட்டீஸ் வரும்.

வழக்கறிஞர் வைத்துத் தரும் உரிமை சிவில் வழக்கில் இல்லை. ஆனால் சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் முக்கியமான கேள்வி எழும் வழக்குகளுக்கு இலவச வழக்கறிஞரை நியமிக்கின்றன. சட்டக் கல்லூரிகளின் மேல்முறையீட்டு மையங்களும் எடுத்து நடத்துகின்றன. ஆதரவான அமைப்பு, வழக்கில் தரப்பாக இல்லாமல், நீதிமன்ற நண்பராக வாதம் தாக்கல் செய்ய, நம் வாதம் தாக்கலான நாளிலிருந்து 7 நாள் அவகாசம். ஆகவே முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஃபெடரல் சட்டத்தின் செல்லுபடியை மாநிலம் எதிர்த்தால், அதை எழுத்தரிடம் எழுத்தில் தெரிவித்து மத்திய அரசுக்குத் தகவல் போகச் செய்யலாம். குட்மன் வழக்கில் மத்திய அரசு வந்து சேர்ந்தது போன்ற துணை சாதாரண மனிதருக்கு வேறு எங்கும் கிடைக்காது.

தீர்ப்புக்குப் பின்

மூன்று நீதிபதிகள் அமர்வு, பெரும்பாலும் வாய்மொழி வாதம் இல்லாமல், முடிவு சொல்லும். தோற்றால் மறுவிசாரணை மனுவுக்கு 14 நாள். உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், கட்டணம் 300 டாலர். அந்த 90 நாள் மேல்முறையீட்டுத் தீர்ப்பு தேதியிலிருந்தோ, மறுவிசாரணை மனு மறுக்கப்பட்ட தேதியிலிருந்தோ ஓடும். பின்னால் தனியாக அனுப்பப்படும் ஆணைத்தாளின் தேதியிலிருந்து எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

வென்றால் கிடைப்பது இழப்பீடு இல்லை, வழக்கைத் தொடரும் உரிமை. கோப்பு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பும். அங்கே மாநில அதிகாரிகள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும், ஆவணப் பரிமாற்றம் தொடங்கும். இதற்கிடையில் அதிகாரி மாற்றலாகியிருந்தால் பதவி முறையிலான கோரிக்கையில் புதியவர் தானாகவே அவர் இடத்துக்கு வருவார். வாதியே வேறு சிறைக்கோ வேறு மாநிலத்துக்கோ போயிருந்தால் ஆணை கேட்ட கோரிக்கை பயனற்றதாகிவிட்டது என்று மாநிலம் உடனே மனுப் போடும். இழப்பீட்டுக் கோரிக்கையையும் சேர்த்தே கேட்டிருந்தவர்களின் வழக்கு அதைத் தாண்டி நிற்கும். தகுதிக்குட்பட்ட காப்பை மறுத்தால் வழக்கு முடியும் முன்பே அதிகாரி மேல்முறையீடு செய்யலாம். வழக்கு மனு நிலையில் ஒரு முறை, ஆவணங்கள் எல்லாம் வந்தபின் இன்னொரு முறை என்று இரண்டு தடவைகூடச் செய்யலாம் என்று 1996இல் பெரன்ஸ் எதிர் பெல்லட்டியர் தீர்ப்பு அனுமதிக்கிறது. அந்த மேல்முறையீடுகளின்போது மாவட்ட நீதிமன்றத்தில் அந்தக் கோரிக்கை பொதுவாக அசையாமல் நிற்கும்.